பூமியின் கரிமூட்டம்

இராமநாதபுரம் சீமையில் கரிமூட்டம் போடுவதை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். வெட்டிய விறகை நெருக்கி அடுக்கி, அதன்மேல் வைக்கோலைப் பரப்பி, ஈர மண்ணால் மெழுகி, ஒரு வாயில் வழியாக நெருப்பு வைத்துவிடுவார்கள். பிறகு இராப்பகலாகக் காவல் இருக்க வேண்டும். மண்போர்வையில் எங்கேனும் ஓட்டை விழுந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால் அவ்வளவுதான். விறகு அத்தனையும் வெந்து சாம்பலாய்ப் போகும். காற்றுப் புகாமல் காத்தால், விறகிலுள்ள நீரும் எண்ணெயும் ஆவிகளும் புகையாக வெளியேறி, கரி மட்டும் மிஞ்சும். எரிவது வேறு, வேகுவது வேறு என்பதை அங்கே கண்ணாரக் காணலாம்.

நம் காலடியில் பூமி இதே தொழிலைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடத்தி வருகிறது. அதற்கு விறகு, செத்துப்போன செடிகொடிகளும் கடற்பாசிகளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும். மண்போர்வையோ மைல் கணக்கில் கனமுள்ள பாறை. ஒரு வித்தியாசம் உண்டு. மனிதன் போடும் மூட்டம் சில நாட்களில் பிரிக்கப்படும். பூமியின் மூட்டத்தைப் பிரிக்க மலைகள் எழும்பித் தேய வேண்டும். அவ்விதம் பிரிந்து கிடக்கும் பழைய மூட்டங்களைக் கிளறிப் பார்ப்பவர்களே பூகர்ப்ப சாஸ்திரிகள். அவர்கள் அங்கே தேடுவது வெறும் கரியை அன்று. பூமியில் உயிர் எப்பொழுது தோன்றியது என்ற கேள்விக்குரிய விடையை.

செத்த உயிர்ப்பொருளில் மிகப் பெரும் பகுதி அழுகிக் கரியமிலவாயுவாகி மீண்டும் காற்றில் கலந்துவிடுகிறது. சேற்றில் புதைந்து தப்புவது நூற்றில் ஒரு பங்கு கூட இராது. ஆயினும் சிறு துளி பெருவெள்ளமாகிவிட்டது. இன்று உயிரோடிருக்கும் மரம், மீன், மனிதர் எல்லாவற்றிலும் உள்ள கரியை ஒரு தட்டில் வைத்து, பாறைகளில் புதைந்துள்ள உயிர்க்கரியை மற்றொரு தட்டில் வைத்தால், பின்னது பதினாயிரம் மடங்குக்கும் மேல் நிற்கும். கெரோஜன் என்று இதற்குப் பெயர். மெழுகைப் பிறப்பிப்பது என்று பொருள்படும் இக்கிரேக்கப் பெயரை 1906-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து ரசாயனி அலெக்ஸாண்டர் கிரம் பிரௌன் சூட்டினார். எந்தத் திராவகத்திலும் எளிதில் கரையாத, பழுப்பும் கறுப்புமான வஸ்து அது.

கீழே செல்லச் செல்ல, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி வரை உஷ்ணம் ஏறுகிறது. சேறு புதையப் புதைய அதிலுள்ள உயிர்ப்பொருள் தன் உடைமைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கிறது. முதலில் போவது பிராணவாயு. நீராகவும் கரியமிலவாயுவாகவும் கழன்றுவிடும். சென்டிகிரேடு 60 டிகிரியைத் தாண்டியதும் நீண்ட மூலக்கூறுகள் துண்டுபட்டு எண்ணெய் ஊறத் தொடங்குகிறது. 150 டிகிரிக்கு அப்பால் எண்ணெயும் நிலைப்பதில்லை, எரிவாயு தான். முடிவில், சதுப்பு நிலங்களில் குமிழியிடுகிறதே, அந்த மீதேன் வாயு ஒன்றே வெளிவருகிறது. ஒவ்வொரு மீதேன் மூலக்கூறும் ஒரு கரியணுவோடு நான்கு ஜலவாயு அணுக்களைச் சுமந்து செல்வதால், மிஞ்சி நிற்பதில் ஜலவாயு குறைந்து கரி ஓங்குகிறது. மரச் செடிகள் புதைந்த இடமானால் இதே படிகள் நிலக்கரியின் படிகளாகத் தெரியும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கீழ்ப்படியில் நிற்பது. அதிக ஆழத்தின் சூட்டை அது கண்டதில்லை. அதற்கு மேலே சாதாரண நிலக்கரி. அதற்கும் மேலே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கரியாகவே உள்ள ஆந்த்ரஸைட்.

பள்ளிக்கூடப் பாடங்கள் இவ்விடத்தோடு நின்றுவிடுவது வழக்கம். உண்மையில் சுவாரஸ்யமான பகுதி இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

சேறு 200, 300 டிகிரி உஷ்ணத்துக்கும் பெரும் அழுத்தத்துக்கும் உட்பட்டால் அது சேறாகவோ களிக்கல்லாகவோ இராது, சிலேட்டுக்கல்லாக உருமாறும். நம் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அகரம் எழுதிய அந்தக் கல்லின் கருமை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் களிமண்ணோடு புதைந்த உயிர்ப்பொருளின் கரியிலிருந்து வந்ததுதான். சிலேட்டுக்கல் இன்னும் ஆழத்துக்குச் சென்றால் காக்காய்ப்பொன் மினுங்கும் அடுக்குப்பாறையாகும். அதற்கும் மேல் வெந்தால் கார்னெட் மணிகள் பதிந்த வரிப்பாறையாகும். பாறை மாறும் ஒவ்வொரு படியிலும் உள்ளேயுள்ள கரியும் மாறிக்கொண்டே வருகிறது. அந்த மாற்றத்தின் கடைசி நிலையே கிராபைட், அதாவது நாம் பென்ஸிலில் வைத்து எழுதும் கரி.

பென்ஸில் கரியை ஈயம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ஆங்கிலேயரும் பல காலம் அப்படித்தான் நினைத்தார்கள். அதில் ஈயம் இம்மியும் இல்லை, அது கரியின் ஒரு வடிவமே என்பதை 1779-ல் ஸ்வீடன் தேசத்து ஷீலே நிரூபித்தார். எழுதுவது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து கிராபைட் என்ற பெயரை 1789-ல் இட்டவர் ஜெர்மானியரான வெர்னர். அதன் அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல ஆறு ஆறாகக் கைகோத்து ஒரே தாளாகப் பரந்திருக்கின்றன; அத்தகைய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சீட்டுக்கட்டைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. தாளுக்குள் பிணைப்பு மிக வலியது. தாளுக்கும் தாளுக்கும் இடையே மிக மெலியது. காகிதத்தில் உரசினால் சீட்டுகள் வழுக்கி விழுகின்றன. அதைத்தான் எழுத்து என்கிறோம்.

கெரோஜனிலும் இத்தகைய தாள் துணுக்குகள் உண்டு. ஆனால் அவை கசக்கிக் கூடையில் எறிந்த காகிதங்களைப் போலத் தாறுமாறாகக் கிடக்கின்றன. உஷ்ணம் ஏற ஏற மடிப்புகள் நிமிர்ந்து, துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, வரிசையாக அடுக்குப்படுகின்றன. ஆலையில் கரியைக் கிராபைட்டாக்க 2,500 டிகிரிக்கும் மேற்பட்ட மின்சார உலை வேண்டியிருக்கிறது. அவ்வளவு சூட்டிலும் சிலவகைக் கரிகள் மசிவதில்லை. எவை மாறும், எவை மாறா என்பதை 1951-ல் பிரித்துக் காட்டியவர் ரோஸலிண்ட் பிராங்க்ளின் என்னும் ஆங்கிலப் பெண்மணி. பிற்காலத்தில் உயிரணுவின் மரபுப் பொருளைப் படம்பிடித்துப் புகழெய்திய அவர், தம் ஆராய்ச்சியை நிலக்கரியில் தொடங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. இளகிப் பின் இறுகும் கரியில் தாள்கள் வரிசைப்பட இடமுண்டு. இளகாமலே இறுகுவதில் தாள்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டிக்கொண்டுவிடும் என்பது அவர் கண்டது. ஆனால் பாறைக்குள்ளே 500 டிகிரிக்கும் கீழேயே கிராபைட் உண்டாகிவிடுகிறதே, அது எவ்வாறு? அங்கே பாறையின் அழுத்தமும், மலைகள் மடியும்போது ஏற்படும் அரைப்பும் தாள்களைத் தேய்த்து நிமிர்த்துகின்றன. அன்றியும் இயற்கைக்கு அவசரம் இல்லை. இலட்சக்கணக்கான ஆண்டுகள் கைவசம் இருக்கின்றன.

இந்த மாற்றத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. ஒருமுறை நிமிர்ந்த தாள் திரும்பக் கசங்குவதில்லை. பாறை பின்னர் குளிர்ந்தாலும், அது கண்ட உச்ச உஷ்ணத்தின் அடையாளம் கரியில் அப்படியே நின்றுவிடுகிறது. அந்த அடையாளத்தைப் படிக்கும் கருவியின் பெயரைக் கேட்டால் தமிழ்நாட்டார் நிமிர்ந்து உட்காரலாம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறலே அது. பாறைத் துண்டிலுள்ள கரிப் பொட்டின்மேல் லேஸர் ஒளியைப் பாய்ச்சினால் சிதறி வரும் ஒளியில் இரண்டு முக்கியக் கோடுகள் தோன்றும். ஒன்று ஒழுங்கான தாள்களைக் குறிப்பது, மற்றொன்று அலங்கோலத்தைக் குறிப்பது. பாறை எவ்வளவு வெந்ததோ அவ்வளவுக்கு இரண்டாவது கோடு மங்கும். 2002-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் இதை ஓர் உஷ்ணமானியாகவே வகுத்துவிட்டார்கள். 330 டிகிரி முதல் 650 டிகிரி வரை, ஐம்பது டிகிரி முன்பின்னாக, மலைகளின் பழைய காய்ச்சலை இன்று அளக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைக்கும் இமயமலைக்கும் வைத்துப் பார்க்கும் உஷ்ணமானிக்கு நம்மவர் பெயர் அமைந்திருப்பது நமக்குப் பெருமைதான்.

கரியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்துவிட்டோம். உயிர்ப்பொருளில் நைட்ரஜனும் உண்டல்லவா? புரதத்திலிருந்து அது அம்மோனியாவாகக் கழன்று வருகிறது. ஆனால் முழுவதும் பறந்துபோவதில்லை. அம்மோனிய அயனியின் பருமன் பொட்டாசியத்தின் பருமனை ஒத்திருப்பதால், காக்காய்ப்பொன்னின் அடுக்குகளுக்கிடையே பொட்டாசியம் இருக்க வேண்டிய ஆசனத்தில் அது நைஸாக அமர்ந்துகொள்கிறது. ஆகவே பளபளக்கும் ஒரு காக்காய்ப்பொன் செதிளில் எப்போதோ வாழ்ந்த ஒரு பாசியின் புரதத்துளி ஒளிந்திருக்கக் கூடும். கந்தகமோ இரும்போடு சேர்ந்து, பொன் என்று எண்ணிப் பலரை ஏமாற்றும் மஞ்சள் நிறத் தாதுவாகிவிடுகிறது.

நம் தேசத்தின் கிழக்கு மலைத் தொடரில் இவ்வாறு முற்றும் வெந்த களிமண் பாறைகள் ஏராளம். ஒடிஷா மலைகளில் வாழும் கோந்த் இனத்தாரின் பெயரால் 1902-ல் இவற்றுக்குக் கோந்தலைட் என்று பெயரிட்டார்கள். கோனார்க்கின் சூரியன் கோயில் இக்கல்லால் எழுந்ததே. இப்பாறையில் கார்னெட் மணிகளோடு கிராபைட் செதிள்களும் மினுங்குவது உண்டு. திருவனந்தபுரத்தின் அயல்மலைகளிலும் இவ்வினப் பாறைகள் உள்ளன. சிவகங்கை வட்டாரத்தில் செதிள் கிராபைட்டைத் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனம் தோண்டி எடுக்கிறது.

ஜாமா

இதுவரை சொன்னது மெள்ள வெந்த கதை. திடீரென்று வெந்த கதையைக் கேட்க ஜரியாவுக்குச் செல்ல வேண்டும்.

ஜார்க்கண்டில் தாமோதர் நதியை அடுத்த ஜரியா வயல், இரும்பு உருக்குக்கு வேண்டிய உயர்தரக் கோக் நிலக்கரிக்கு நம் நாட்டில் தலைசிறந்த இடம். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முந்திய காடுகள் அங்கே கரியாகிக் கிடந்தன. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்திலிருந்து ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் பாறைக் குழம்பு பிளவுகளின் வழியே பீறிட்டு ஏறி, நிலக்கரி அடுக்குகளைச் சுவர் சுவராகப் பிளந்தும், தகடு தகடாக அவற்றினூடே பரவியும் உறைந்துவிட்டது. குழம்பு தொட்ட இடத்தில் நிலக்கரி இளகிக் குமிழியிட்டு, ஆவிகளைக் கக்கி, இறுகிக் கோக்காகிவிட்டது. மனிதன் உலையில் செய்வதை இயற்கை ஆலையில்லாமல் செய்துவிட்டது. இந்தச் சாம்பல் நிறக் கோக் பலவிடங்களில் சிறு சிறு தூண்களாகப் பிளந்து நிற்கிறது.

அளவுக்கு மீறி வெந்து உருகிப்போன செங்கல்லை வடநாட்டில் ஜாமா என்பார்கள். சுரங்கத் தொழிலாளிகள் இக்கரியையும் ஜாமா என்றே அழைத்தார்கள். சாஸ்திரம் படித்தவர்கள் விளக்கம் கண்டுபிடிப்பதற்கு முன்பே, இது நெருப்பில் வெந்த பொருள் என்பதைக் கூலிக்கு வெட்டியவன் தன் ஒரு சொல்லில் அடக்கிவிட்டான்! அச்சொல் இன்று பூகர்ப்ப சாஸ்திர நூல்களிலும் ஏறியிருக்கிறது.

ஜாமா கிராபைட் அன்று. குழம்பின் சூடு எவ்வளவு கடுமையானாலும், மெல்லிய சுவராக வந்தது சீக்கிரம் ஆறிவிடும். கரித்தாள்கள் நன்றாக வரிசைப்படுவதற்குள் அடுப்பு அணைந்துவிட்டது. அவசரச் சமையல் எப்படி இருக்கும் என்பதை நம் வீட்டார் அறிவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், கரி மட்டும் மாறவில்லை. கரியைச் சுட்ட பாறையும் மாறிவிட்டது. நிலக்கரியிலிருந்து கிளம்பிய நீராவியும் கரியமிலவாயுவும் உறையும் குழம்பைத் தாக்கி, கறுத்துக் கனத்திருக்க வேண்டிய அப்பாறையை வெளுத்த களிமண்ணும் சுண்ணமுமாக அரித்துவிட்டன. பிரிட்டிஷ் நிலக்கரி வயல்களிலும் இந்த வெளுப்பைக் காணலாம்.

உருக்குக்கு ஏற்ற நிலக்கரி நம்மிடம் தாராளமாக இல்லை. தேவையில் பெரும்பகுதியை இன்றும் அயல்நாடுகளிலிருந்து வாங்குகிறோம். ஜரியாவில் இருப்பதிலோ இயற்கை ஒரு பங்கை ஜாமாவாக்கிவிட்டது. மனிதன் தன் பங்குக்கு 1916-ஆம் ஆண்டிலிருந்து அங்கே தீயை மூட்டிவிட்டிருக்கிறான். அக்காலத்துச் சுரங்க முதலாளிகள் லாபத்தையே கண்ணாகக் கொண்டு கண்டபடி தோண்டிக் கைவிட்ட குழிகளில் காற்றுப் புகுந்தது; கரி தானே பற்றிக்கொண்டது. 1970-களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் தேசவுடைமையான பின்பும் தீ முற்றிலும் அடங்கவில்லை. எரிவது வேறு, வேகுவது வேறு என்று முதலில் சொன்னோம். பாறைக் குழம்பு வேகவைத்த இடத்தில் கோக் மிஞ்சியது. காற்றுப் புகுந்த இடத்தில் சாம்பலும், பிளந்த தரையும், வீடிழந்த குடும்பங்களுமே மிஞ்சின.

பாறைக் குழம்பு கரியைத் தொட்டதோடு நிற்காமல் விழுங்கியும் விட்டால் என்னவாகும்? கிரீன்லாந்தின் மேற்கே டிஸ்கோ என்றொரு தீவு. 1870-ல் அங்கே சென்ற ஸ்வீடன் யாத்திரிகர் நோர்டென்ஷெல்ட், கடற்கரையில் கலப்பற்ற இரும்புப் பாளங்களைக் கண்டார். ஒன்று மட்டும் 20 டன்னுக்கு மேல். பூமியில் தனி இரும்பு தானாகக் கிடைப்பதரிது. ஆதலால் வானத்திலிருந்து விழுந்தவை என்று அவர் தீர்மானித்தார். டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டீன்ஸ்ட்ரூப் அங்குள்ள எரிமலைப் பாறைக்குள்ளேயே அதே இரும்புத் துகள்கள் பதிந்திருப்பதைக் காட்டி அக்கொள்கையை உடைத்தார். ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் மேலே ஏறி வந்த குழம்பு, வழியில் நிலக்கரியும் கரிகலந்த களிக்கல்லும் அடங்கிய அடுக்குகளை விழுங்கியது. குழம்பிலிருந்த இரும்பின் பிராணவாயுவைக் கரி பறித்துக்கொண்டு வாயுவாக வெளியேற, இரும்பு தனித்து நின்றது. நம் கிராமத்து இரும்புக் கொல்லர்கள் மண்ணுலையில் மரக்கரியை இட்டுச் செய்த வேலையும் ரசாயன விதிப்படி இதுவேதான்.

இங்கிலாந்தில் பாரோடேல் என்ற இடத்துக் கிராபைட்டும் எரிமலைப் பாறையில் கிடைத்ததே. குழம்பு கீழேயுள்ள பழைய சிலேட்டு அடுக்குகளிலிருந்து உயிர்க்கரியை எடுத்துக்கொண்டு, அதை வாயுக்களாக்கி மேலே கொணர்ந்து, பிளவுகளில் கிராபைட்டாகப் படிய விட்டது. உலகத்தின் முதல் பென்ஸில்கள் அதனால் ஆனவை. அதைத் திருடுவது பெருங்குற்றம் என்று 1752-ல் பார்லிமெண்டே சட்டம் போட்டது.

கரியின் சாட்சியம்

ஆகவே பாறையில் கிராபைட்டைக் கண்டால், முன்பு அங்கே உயிர் இருந்தது என்று முடிவு செய்துவிடலாமா? விவகாரம் இங்கேதான் தொடங்குகிறது.

கரியணுக்களில் நூற்றுக்கு 99 அளவில் எடை 12 உள்ளவை. ஏறக்குறைய ஒன்று எடை 13. இலை காற்றிலிருந்து கரியை இழுக்கும்போது இலேசானதையே அதிகமாக விரும்பி எடுக்கிறது. அதனால் கடற் சுண்ணாம்புக் கல்லோடு ஒப்பிட்டால் உயிர்ப்பொருளில் கனத்த கரி ஆயிரத்துக்குச் சுமார் 25 பங்கு குறைவு. இந்தக் குறைவே உயிரின் கைரேகை. திருவாங்கூர் மலைகளில் பாறையெங்கும் தூவினாற்போல் கிடக்கும் கிராபைட் செதிள்களில் அக்கைரேகை தெரிகிறது. இலங்கையின் போகல, கஹடகஹ சுரங்கங்களில் நரம்பு நரம்பாக ஓடும் உலகப் பிரசித்தி பெற்ற கிராபைட்டிலோ அது அவ்வாறு தெரியவில்லை. பூமியின் ஆழத்திலிருந்து வரும் வாயுக்களின் கரியையே அது பெரிதும் ஒத்திருக்கிறது. ஆழத்திலிருந்து எழுந்த வாயுவே அங்கே கிராபைட்டாகப் படிந்தது என்று பலர் கருதுகிறார்கள்.

கைரேகையும் என்றென்றும் நிற்பதில்லை. மீதேன் கழலும்போது இலேசான கரியை அதிகமாக எடுத்துச் செல்வதால் மிஞ்சியது சற்றே கனக்கிறது. 600 டிகிரிக்கு மேல், பக்கத்தில் சலவைக்கல் இருந்தால் இரண்டும் அணுக்களை மாற்றிக்கொண்டு கைரேகை மங்கிவிடும். பாறை எவ்வளவுக்கு வெந்ததோ அவ்வளவுக்குச் சாட்சியின் ஞாபகம் தடுமாறுகிறது. மிகப் பழைய பாறைகள் யாவும் நன்றாக வெந்தவை என்பதே ஆராய்ச்சியாளரின் சங்கடம்.

கிரீன்லாந்தில் இஸுவா என்ற இடத்தில் 370 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடற்படிவுகள் உள்ளன. 1999-ல் மினிக் ரோஸிங், அவற்றிலுள்ள கிராபைட் பொட்டுகளில் கனத்த கரி ஆயிரத்துக்கு 19 பங்கு குறைந்திருப்பதைக் கண்டு, அவை உயிரின் எச்சங்களே என்றார். 2002-ல் வேறு சிலர் அதே பிரதேசத்தின் வேறு பாறைகளை ஆராய்ந்து ஒரு தடையை எழுப்பினார்கள். இரும்புக் கார்பனேட் என்னும் தாதுவைச் சுட்டால் அது காந்தக்கல்லாகவும் கரியமிலவாயுவாகவும் பிரியும்போது சிறிது கிராபைட்டும் மிஞ்சும். இதற்கு உயிர் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் எண்ணத்தில் அத்தடை ரோஸிங் கண்ட படிவுகளைத் தொடவில்லை. ஆயினும் அதற்குப் பின் இஸுவாவின் எந்தக் கரிப் பொட்டையும் விசாரிக்காமல் ஒப்புக்கொள்வாரில்லை. 2014-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ரோஸிங்குடன் சேர்ந்து, அக்கிராபைட்டின் தாள்கள் வளைந்தும் திருகியும் இருப்பதை நுண்படத்தில் கண்டு, அது உயிர்ப்பொருளிலிருந்து வந்ததற்கே பொருந்தும் என்றார்கள். 2017-ல் மற்றொரு புதுமை வெளியாயிற்று. அப்பாறையில் வளர்ந்த கார்னெட் மணிகளுக்குள் அடைபட்ட கரியில் நைட்ரஜன், பிராணவாயு, பாஸ்பேட் ஆகியவற்றின் பிணைப்புகள் இன்னும் தெரிகின்றன. சிமிழுக்குள் அகப்பட்டதனால் வெளியே நடந்த வேக்காட்டிலிருந்து அவ்வளவு தப்பிவிட்டது.

பாறைக் குழம்பிலேயே இத்தகைய சிமிழ் ஒன்று உண்டாகிறது. ஜிர்க்கான் என்பது அதன் பெயர். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அது கலந்திருக்கிறது. கருங்கல் குழம்பு உறையும்போது பிறக்கும் இச்சிறு மணி, தாய்ப்பாறை முழுதும் கரைந்து மண்ணான பின்பும் அழியாமல் நிற்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் பொறுக்கிய பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஜிர்க்கான்களைச் சல்லடையாய்ச் சலித்து, 2015-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஒரு மணிக்குள் இரண்டு கிராபைட் பொட்டுகளைக் கண்டார்கள். அந்த மணியின் வயது 410 கோடி ஆண்டு. பூமியின் வயதே 454 கோடிதான். கனத்த கரியின் குறைவு ஆயிரத்துக்கு 24. கண்டவர்களே இதை உயிரின் நிச்சயமான அத்தாட்சி என்று சொல்லவில்லை. விண்கற்கள் கொணர்ந்த கரியும், உயிரின்றி நடக்கும் சில ரசாயனச் சேர்க்கைகளும் இத்தகைய எண்ணைத் தரக் கூடும் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. இன்னும் பல மணிகளில் இதே எண் வந்தால்தான் வழக்கு பலப்படும். அதற்கு மறுபடியும் பதினாயிரக்கணக்கில் ஜிர்க்கான்களைப் பொறுக்க வேண்டும்.